சாயம் மட்டும் ஏன் சிறியதாகவில்லை?



அடுத்த முறை தஞ்சோங் மாலிம் இரயில் நிலையத்திற்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்றபடி, கொமுட்டர் இரயிலின் ஒரே ஒரு பெட்டியை மட்டும் உற்றுப் பாருங்கள். அதில் மொத்தம் எத்தனை நிறங்கள் இருக்கின்றன? பட்டைகள் கதவைத் தாண்டி நேராகப் போகின்றனவா, அல்லது கதவு விளிம்பில் உடைகின்றனவா? எழுத்துகள் சாயத்தால் எழுதப்பட்டவையா, ஒட்டப்பட்டவையா? தினமும் ஏறி இறங்கும் இரயிலாக இருந்தாலும், பலருக்கு உடனே பதில் சொல்ல வராது.

கொமுட்டர் சேவை நம் ஊர்வரை நீண்டது 2009ஆம் ஆண்டில். மறு ஆண்டே, 2010இல், கொமுட்டர் இரயிலில் பெண்களுக்கெனத் தனிப் பெட்டி ஒதுக்கப்பட்டது. இளஞ்சிவப்பு அடையாளம் தாங்கிய அந்தப் பெட்டியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் அறிவியல் கழகத்து மாணவி ஒருத்தியின் அம்மா, விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பி, அந்தப் பெட்டியில்தான் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறார். இருட்டியபின் அதே பெட்டியில் திரும்புகிறார். பள்ளிக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று நான் கேட்டபோது அந்த மாணவி சொன்னாள்: “ஐயா, அம்மா போகிற பெட்டியைச் சின்னதாகச் செய்து வைக்கலாமா?”

சின்னதாகச் செய்வதில் என்ன சிரமம் என்று அன்று நினைத்தேன். ஆனால் அந்த ஒரு பெட்டி எங்களுக்குக் கற்றுக்கொடுத்த இயற்பியலையும் வேதியியலையும் ஒரு தவணை முழுவதும் பாடம் நடத்தினாலும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

87ஆல் வகுத்தால் என்ன ஆகும்?

மாதிரி இரயில் செய்பவர்கள் உலகம் முழுவதும் சில அளவு விகிதங்களைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் மிகப் பரவலானது 1:87. உண்மையான இரயிலில் 87 மில்லிமீட்டர் இருப்பது மாதிரியில் 1 மில்லிமீட்டர் ஆகும். 20 மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டி ஏறக்குறைய 23 சென்டிமீட்டராகச் சுருங்கி, உங்கள் மேசைமேல் வந்து உட்காரும்.

தண்டவாளமும் அப்படியே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான இரயில்களின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் 1:87 மாதிரித் தண்டவாளங்களின் வழக்கமான அகலம் இதுதான். நம் கே.டி.எம். இரயில் ஓடுவது 1,000 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில். அதை 87ஆல் வகுத்துப் பாருங்கள்: 11.5 மில்லிமீட்டர் வரும். ஆகவே நம் நாட்டு இரயிலைச் சரியான அளவில் செய்ய விரும்புபவர்கள் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தைத் தேட வேண்டும்.

நம் இரயில்களின் மாதிரிகள் பொம்மைக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. அதனால் ஆர்வலர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வேறு நாட்டு இரயிலின் மாதிரியை வாங்கி, அதன் சாயத்தை மாற்றிப் பூசுவது! ஜப்பானில் பல இரயில்கள் 1,067 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுகின்றன. நம்முடையதைவிட 67 மில்லிமீட்டர்தான் அதிகம் என்பதால், பெட்டிகளின் உருவமும் நமக்கு ஓரளவு நெருங்கி வரும். உண்மையான இரயிலிலேயே இது நடந்திருக்கிறது தெரியுமா? ஜப்பானில் ‘நீல இரயில்’ என்று புகழ்பெற்ற படுக்கை வண்டிகளின் பழைய பெட்டிகள் சில மலேசியாவுக்கு வந்தன. இங்கே அவற்றின் சக்கர அகலத்தை 1,000 மில்லிமீட்டருக்கு மாற்றி, சாயத்தையும் மாற்றினார்கள்.

நாங்களும் ஒரு பழைய ஜப்பானிய மாதிரிப் பெட்டியின் பிளாஸ்டிக் கூட்டைத் தேடிப் பிடித்தோம். கழகத்தின் கையிருப்பில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடிந்தது. அது வீணானால் வேறு கிடையாது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பெட்டி 87 மடங்கு சிறியதாகிவிட்டது. கதவு, சன்னல், சக்கரம் எல்லாம் சிறியதாகிவிட்டன. சாயம்?

சாயத்தின் மூலக்கூறு சிறியதாகவில்லை. ஒரு துளியின் பரப்பு இழுவிசை குறையவில்லை. ஒளியின் அலைநீளம் மாறவில்லை. மாதிரி இரயிலுக்குச் சாயம் பூசுவதில் வரும் சிக்கல்கள் எல்லாமே இந்த ஒரு காரணத்தால்தான் வருகின்றன.

தலைமுடியைவிட மெல்லிய பூச்சு

உண்மையான இரயில் கதவைச் சுற்றி 10 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதிரியில் அதன் ஆழம் வெறும் 0.11 மில்லிமீட்டர். தூரிகையால் கெட்டியாகச் சாயம் பூசினால் பூச்சின் தடிமன் 0.1 மில்லிமீட்டரை எளிதாக எட்டிவிடும். பள்ளம் நிரம்பிவிடும், கதவே காணாமல் போகும்!

திருப்பிக் கணக்கிட்டுப் பாருங்கள். மாதிரியில் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் பூசிய சாயம், உண்மையான இரயிலில் 17 மில்லிமீட்டருக்கும் அதிகமான தடிமனுக்குச் சமம். சுவருக்குச் சிமெண்டு பூசியது போல இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். மாதிரி இரயிலில் எல்லாப் பூச்சுகளும் சேர்ந்தே அந்த அளவுக்குள் நிற்க வேண்டும்.

எங்கள் முதல் முயற்சியில் இது தெரியவில்லை. ஒரே பூச்சில் வேலையை முடித்துவிடலாம் என்று தூரிகையில் சாயத்தை அள்ளிப் பூசினோம். கதவின் கோடுகள் மங்கிவிட்டன. அதைவிட மோசமாக, சாயத்தின் நடுவில் அங்கங்கே சின்னச் சின்ன வட்டக் குழிகள் தோன்றின. உற்றுப் பார்த்தால் அவை இருந்த இடம் ஒரு கட்டைவிரல் அளவுதான். ஆம், யாரோ ஒருவரின் விரல் ரேகைதான் அது.

சோப்பில் தொடங்கும் வேலை

ஒரு திரவம் ஒரு பரப்பின்மேல் விரிந்து பரவுமா, உருண்டு ஒதுங்குமா என்பதை முடிவு செய்வது ஒரு கயிறு இழுக்கும் போட்டி. திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பது ஒரு பக்கம், பரப்பு அவற்றை இழுப்பது மறுபக்கம். பரப்பு வென்றால் திரவம் பரவும். திரவம் வென்றால் உருளும். கெலாடி இலையில் மழைத்துளி முத்துப்போல உருள்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அங்கே வெல்வது திரவம்.

நம் விரலில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பசை இருக்கும். நீர் கலந்த சாயத்தை எண்ணெய்ப் பரப்பு பலமாக இழுக்காது. ஆகவே எண்ணெய் இருக்கும் புள்ளியிலிருந்து சாயம் விலகி ஓடி, குழியாகிவிடும். தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் பொருள்களில், அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகத் தடவிய வழவழப்புப் பொருளும் மிச்சம் இருக்கலாம்.

தீர்வு மிக எளிது. பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான நீர், பழைய பல் தூரிகை. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை நீரைப் பிடிக்கும். இரண்டையும் இணைத்து எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். கழுவி உலர்ந்த பிறகு கூட்டை வெறும் விரலால் தொடக் கூடாது. உள்ளே ஒரு குச்சியைச் செருகி, அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

கொஞ்சம் தவறினால் கரைந்திருக்கும்

சரி, கெட்டுப்போன பூச்சை எப்படி அகற்றுவது? ஒரு மாணவர், “ஐயா, நகச்சாயம் அழிக்கிற திரவம் இருக்கிறதே, ஊற்றினால் ஒரே நிமிடத்தில் போய்விடும்” என்றார். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. ஆனால் அறிவியலில் ஒரு பழக்கம் உண்டு. ஒன்றே ஒன்று இருக்கும் பொருளில் முதல் சோதனையைச் செய்யாதே.

புளித்த பால் பானம் வரும் சிறிய பிளாஸ்டிக் புட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும், பல மாதிரி இரயில் கூடுகளும் பாலிஸ்டைரீன் என்ற ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்தப் புட்டியின் ஒரு துண்டில் சில சொட்டுகள் விட்டோம். சற்று நேரத்தில் அது குழைந்து, பிசின் போல் ஒட்டிக்கொண்டது. எங்கள் பெட்டியில் ஊற்றியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

காரணம் என்ன? பல நகச்சாய நீக்கிகளில் இருப்பது அசிட்டோன். பாலிஸ்டைரீன் மூலக்கூறுச் சங்கிலிகளின் இடையே அசிட்டோன் எளிதில் நுழைந்து அவற்றைப் பிரித்துவிடும். ஒத்த தன்மை உள்ளவை ஒன்றையொன்று கரைக்கும் என்பது வேதியியலின் பழைய பாடம். மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நீர்வகை அக்ரிலிக் சாயத்தை இளக்கும், பாலிஸ்டைரீனை அவ்வளவு எளிதில் தாக்காது. அதையும் முதலில் புட்டித் துண்டில் சோதித்தோம். துண்டு அப்படியே இருந்தது. பிறகுதான் பெட்டியைத் தொட்டோம். பல் தூரிகையால் மெல்லத் தேய்க்க, சாயம் உரிந்து வந்தது. கதவுக் கோடுகள் மறுபடி தெரிந்தன.

இளஞ்சிவப்புக்கு அடியில் வெள்ளை ஏன்?

எந்தச் சாயத்திலும் மூன்று பங்காளிகள் உண்டு. நிறத்தைக் கொடுப்பது நிறமி. நிறமித் துகள்களைப் பரப்போடு ஒட்ட வைப்பது பிணைப்பான். இரண்டையும் இளக்கிப் பூச வசதி செய்துவிட்டு ஆவியாகிப் போவது கரைப்பான். பாடநூலில் ‘பெஞெஜாத்தான்’ என்று படித்த அதே ஆவியாதல்தான் இது.

இப்போது ஒரு புதிர். சாம்பல் நிறத்தின்மேல் இளஞ்சிவப்பைப் பூசினால் அது அழுக்கு நிறமாகத் தெரிகிறது. நான்கு முறை பூசினாலும் தெளியவில்லை. ஏன்?

ஒரு பூச்சு அடியில் இருப்பதை மறைக்க வேண்டுமானால், அதற்குள் நுழையும் ஒளி சிதறித் திரும்பி வர வேண்டும். நிறமியின் ஒளிவிலகல் எண்ணுக்கும் பிணைப்பானின் ஒளிவிலகல் எண்ணுக்கும் வேறுபாடு அதிகமானால் சிதறலும் அதிகம். வெள்ளைச் சாயத்தில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2.7. பிணைப்பானுக்கு ஏறக்குறைய 1.5. பெரிய வேறுபாடு! அதனால் வெள்ளை நன்றாக மறைக்கிறது. சிவப்பும் மஞ்சளும் தரும் பல நிறமிகளில் இந்த வேறுபாடு குறைவு. ஒளி அவற்றைக் கடந்து அடிப்பரப்பைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அடியில் சாம்பல் இருந்தால் அந்தச் சாம்பலும் சேர்ந்தே கண்ணுக்கு வரும்.

பெரிய பரப்பில் தடிமனாகப் பூசி இதைச் சமாளிக்கலாம். நமக்கோ தலைமுடித் தடிமனுக்கு மேல் அனுமதி இல்லை. அதனால் இளஞ்சிவப்பு வர வேண்டிய இடத்தில் முதலில் மெல்லிய வெள்ளைப் பூச்சு ஒன்றைக் கொடுத்தோம். அதன்மேல் இரண்டே பூச்சில் நிறம் பளிச்சென்று வந்தது. பொதுவான விதி இதுதான்: வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு.

இன்னொரு சங்கதி. கடையில் பார்த்துச் சரியாகத் தேர்ந்தெடுத்த நிறம், வகுப்பறையில் சற்று இருண்டு தெரியும். நண்பகல் வெயிலின் ஒளிச்செறிவு 1,00,000 லக்ஸ் வரை போகும். ஒரு வகுப்பறையில் சில நூறு லக்ஸ்தான். அதனால் பல மாதிரிக் கலைஞர்கள் உண்மையான இரயிலின் நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்தே பூசுகிறார்கள்.

டேப்புக்கு அடியில் கசியும் சாயம்

நேரான பட்டை வேண்டுமா? மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பட்டை வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்து வைத்துச் சாயம் பூச வேண்டும். ஆனால் டேப்பை உரித்துப் பார்த்தால், விளிம்பில் சாயம் சிலந்திக் கால்போல் உள்ளே ஓடியிருக்கும்.

மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதைப் பள்ளிச் சோதனைக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். இதை நுண்புழை ஈர்ப்பு என்கிறோம். டேப்புக்கும் கூட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் உண்டு. அவை நுண்குழாய்களாகிச் சாயத்தை உறிஞ்சுகின்றன. இடுக்கு எவ்வளவு குறுகலோ, அவ்வளவு பலமாக இழுக்கும். உண்மையான இரயிலில் 2 மில்லிமீட்டர் கசிந்தால் நடைமேடையில் நிற்கும் யாருக்கும் தெரியாது. மாதிரியில் அதே 2 மில்லிமீட்டர் கசிந்தால், அது உண்மையான இரயிலில் 17 சென்டிமீட்டர் கசிந்ததற்குச் சமம்.

இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி உண்டு. டேப்பை ஒட்டிய பிறகு, முதலில் அடியில் இருக்கும் அதே நிறத்தையே விளிம்பில் மெல்லப் பூசுங்கள். இடுக்குகளுக்குள் ஓடுவது அடிநிறம் என்பதால் கசிந்தாலும் தெரியாது. அது உலர்ந்து இடுக்குகளை அடைத்துவிடும். அதன்பின் பட்டையின் நிறத்தைப் பூசினால் கத்தியால் வெட்டியது போல் நேர் விளிம்பு கிடைக்கும்.

துளிகளின் ஓட்டப்பந்தயம்

தூரிகையைவிட மெல்லிய பூச்சு வேண்டுமென்றால் தெளிப்பான்தான் வழி. ஸ்பிரே டப்பாவை எத்தனை தூரத்தில் பிடிப்பது? பெரும்பாலான டப்பாக்களில் 20 முதல் 30 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும்.

துளி சிறியதாக ஆக, அதன் கனஅளவோடு ஒப்பிடும்போது அதன் பரப்பளவு அதிகமாகும். துளியின் விட்டம் பாதியானால் பரப்பளவு நான்கில் ஒரு பங்காகும். கனஅளவோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே சிறு துளி மிக விரைவில் உலரும். டப்பாவைத் தூரத்தில் பிடித்தால் துளிகள் வழியிலேயே உலர்ந்து, மணலைத் தூவியதுபோல் சொரசொரவென்று விழும். மிக அருகில் பிடித்தால் கரைப்பான் ஆவியாக நேரமின்றிச் சாயம் வழிந்து ஓடும். இரண்டுக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. அதைப் பழைய அட்டையில் தெளித்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

நம் ஊரில் புரோட்டோன் கார் தொழிற்சாலை இருக்கிறது. கார்களுக்குச் சாயம் பூசும்போது மின்சாரம் கைகொடுக்கிறது. பொதுவாகக் கார் தொழிற்சாலைகளில் உலோக உடலைச் சாயத் தொட்டிக்குள் இறக்கி, மின்னழுத்தம் கொடுத்து, அடிப்பூச்சை ஒரே சீராகப் படிய வைப்பார்கள். மூலை முடுக்கெல்லாம் பூச்சு போய்ச் சேரும். எங்கள் கூடோ பிளாஸ்டிக். மின்சாரத்தைக் கடத்தாது. கையும் பொறுமையும்தான் எங்களுக்கு இயந்திரம்.

மின்சாரம் என்றதும் ஒரு எச்சரிக்கை. கொமுட்டர் இரயில் தலைக்கு மேல் செல்லும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் பெறுகிறது. மாதிரி இரயில் பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகப் பெறுகிறது. உலர்ந்த சாயம் மின்கடத்தாப் பொருள். சக்கரத்தில் சாயம் பட்டால் அழகான இரயில் நின்ற இடத்திலேயே நிற்கும்.

மழை வந்த பிற்பகல்

எழுத்துகளும் எண்களும் ஒட்டினோம். நீரில் நனைத்தால் தாளிலிருந்து நழுவி வரும் மெல்லிய படலம் அது. சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெள்ளி நிறத்தில் மினுங்கும். அதனால் முதலில் பளபளப்பான தெளிவுப் பூச்சு, பிறகு எழுத்து, கடைசியாக எல்லாவற்றையும் மூடும் வார்னிஷ் என்று வரிசைப்படி செய்தோம்.

மிச்சம் அந்தக் கடைசி வார்னிஷ்தான். மறுநாள் காலை கண்காட்சி. தீத்திவங்சா மலையடிவாரத்தில் இருக்கும் நம் ஊரில் பிற்பகல் மழைக்குப் பஞ்சமில்லை. அன்றும் பெய்தது. “காத்திருக்கலாமா ஐயா?” என்று அந்த மாணவி கேட்டாள். நேரமில்லை என்று நான்தான் அவசரப்பட்டேன். மழை விட்டதும் ஐந்தடியின் கூரைக்கடியில் வைத்துத் தெளித்தேன். இரண்டே நிமிடத்தில் தெளிவாக இருக்க வேண்டிய வார்னிஷ் பாலாடைபோல் வெளுத்தது. இளஞ்சிவப்பு பனிமூட்டத்துக்குள் மறைந்தது. அவள் எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நடந்தது என்ன? கரைப்பான் ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கையில் சானிடைசர் தடவினால் குளிர்கிறதே, அதே காரணம்தான். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்குமோ, அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர்.

கணக்கைப் பாருங்கள். மழைக்குப்பின் வெப்பநிலை 28 பாகை செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறக்குறைய 25 பாகை. பரப்பு வெறும் 3 பாகை குளிர்ந்தாலே போதும், அதன்மேல் நீர் படிந்துவிடும். ஆவியாகும் கரைப்பான் அதைவிட அதிகமாகவே குளிர வைக்கும். படிந்த நுண்துளிகள் உலரும் வார்னிஷுக்குள் சிக்கி, ஒளியைச் சிதறடித்து, வெள்ளையாகத் தெரிகின்றன. மேகம் வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான். மழையில்லாத ஒரு நண்பகலில் 33 பாகையும் 55 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை 23 பாகைக்கு அருகில். இடைவெளி 10 பாகை. தாராளம்!

அப்படியானால் எங்கள் பெட்டியைக் காப்பாற்ற முடியுமா? நோயின் காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். சிக்கியிருப்பது நீர். வார்னிஷை மறுபடி சற்று இளக்கினால் அந்த நீர் வெளியேறிவிடும். இளக்குவது எது? அதே வார்னிஷில் இருக்கும் கரைப்பான்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. கண்காட்சி தொடங்கியும் எங்கள் மேசையில் பெட்டியின் இடம் காலியாகவே இருந்தது. வெயில் ஏறிக் காற்று உலர்ந்த பிறகு, பத்தரை மணிக்கு, இம்முறை டப்பாவை அவளிடமே கொடுத்தேன். மூக்கில் கரிவடிகட்டி முகக்கவசம், கையில் கையுறை. மிக மெல்லிய ஒரே ஒரு வீச்சு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெண்மை ஓரத்திலிருந்து கரைந்து, பட்டைகள் தெரிந்தன, எண்கள் தெரிந்தன, கடைசியில் இளஞ்சிவப்பு தெரிந்தது.

பாதுகாப்பு முதலில்

இவற்றைக் கட்டாயம் கவனத்தில் வையுங்கள். தெளிப்புச் சாயத்தின் ஆவி எளிதில் தீப்பற்றும். வீட்டுக்குள், சாமி விளக்கு, அடுப்பு, கொசுவத்திச் சுருள் எரியும் இடத்துக்கு அருகில் தெளிக்கவே கூடாது. காற்றோட்டமான திறந்த இடத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். சாதாரண முகக்கவசமும் என்95 கவசமும் துகள்களைத் தடுக்கும், ஆனால் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிவடிகட்டி உள்ள கவசம் தேவை. டப்பாவைச் சூடாக்கவோ, வெயிலில் போட்டு வைக்கவோ, துளையிடவோ கூடாது. முதன்முறை செய்பவர்கள் நீர்வகை அக்ரிலிக் சாயமும் நல்ல தூரிகையும் கொண்டு தொடங்குவதே நல்லது.

நீங்களும் செய்து பாருங்கள்

மாதிரி இரயில் இல்லையா? கவலை வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று பகுதியாகப் பிரியுங்கள். ஒன்றை விரலால் நன்றாகத் தேய்த்து அப்படியே விடுங்கள். இன்னொன்றைச் சோப்பால் கழுவுங்கள். மூன்றாவதைக் கழுவி, நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி கழுவுங்கள். மூன்றிலும் ஒரே அக்ரிலிக் சாயத்தை ஒரே அளவு மெல்லியதாகப் பூசுங்கள். ஒரு நாள் உலரவிட்டு, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரியுங்கள். எந்தப் பகுதியில் சாயம் அதிகமாக உரிந்தது? ஏன்? விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அன்று மாலை அந்த மாணவி பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுவாரம் வகுப்பில் கேட்டேன், அம்மா என்ன சொன்னார் என்று. “ஒன்றும் சொல்லவில்லை ஐயா. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், ‘நான் உட்காருவது இந்தச் சன்னல் பக்கம்’ என்று விரலை வைத்தார்” என்றாள்.

வார்னிஷ் முழுவதும் காய்ந்திருந்ததா என்று கேட்டேன். காய்ந்திருந்ததாம். விரல் ரேகை பதியவில்லை.